ட்ரொட்ஸ்கியம் என்றால் என்ன? லங்கா சமசமாஜக் கட்சியை வைத்து ஓர் எளிய விளக்கம்

2024 இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியான பிறகு "இடதுசாரி" என்ற பேச்சு இலங்கையில் மறுபடியும் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. இளையவர்கள் பலருக்கு இடதுசாரி என்றால் ஜே.வி.பி. மட்டும்தான். அவர்களுடைய பாட்டன் பாட்டிக்கு முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது வேறொரு கட்சி: லங்கா சமசமாஜக் கட்சி. 1935 டிசம்பர் 18 அன்று கொழும்பில் தொடங்கப்பட்ட இந்தக் கட்சி இன்று தனித்து நின்று ஓர் ஆசனம் வெல்லக்கூட பலமில்லாத அளவுக்குச் சிறுத்துவிட்டது. ஆனால் ரஷ்யப் புரட்சியாளர் லியோன் ட்ரொட்ஸ்கியின் வழியில் நடந்த கட்சிகளில், ஒரு நாட்டின் பாராளுமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது உலகத்திலேயே இது ஒன்றுதான்.

ஜே.வி.பி. 1965 இல் றோகண விஜேவீரவால் தொடங்கப்பட்டது. அது சீனச் சார்புக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து பிரிந்து வந்தது. சமசமாஜிகளின் வழி அதற்கு 30 வருடம் முந்தியது, வேறு மூலத்திலிருந்து வந்தது. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

சமசமாஜக் கட்சியின் கதையைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. மலையகத் தமிழரின், அதாவது தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்தவர்களின் சந்ததியினரின், பிரசாவுரிமை (குடியுரிமை) பறிக்கப்பட்டபோதும், சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோதும் தெற்கிலிருந்து எதிர்த்து நின்றது இந்தக் கட்சி. பிறகு 1972 இல் தமிழரைத் தள்ளிவைத்த அரசியலமைப்பை எழுதியதும் இந்தக் கட்சியின் தலைவர்தான். இந்த இரண்டும் எப்படி ஒரே கட்சிக்குள் நடந்தன? அதை விளங்கிக்கொள்ள முதலில் அவர்களுடைய கொள்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொள்கை என்ன சொல்கிறது?

மார்க்சியத்தின் அடிப்படை பலருக்குத் தெரிந்ததுதான். சமூகம் வர்க்கங்களாகப் பிரிந்திருக்கிறது. தொழிற்சாலை, தோட்டம், வங்கி ஆகியவை ஒரு சிலரின் கையில் இருக்கின்றன. மற்றவர்கள் தங்கள் உழைப்பை விற்றுப் பிழைக்கிறார்கள். இந்த அமைப்பைத் தொழிலாளர்கள் மாற்றி, உற்பத்தியைச் சமூகத்தின் பொதுவுடைமையாக்க வேண்டும். இதுவரை எல்லா மார்க்சியர்களும் ஒரே பக்கம்தான். எங்கே, எப்போது, யாரோடு சேர்ந்து இதைச் செய்வது என்பதில்தான் சண்டை தொடங்குகிறது.

1900களின் தொடக்கத்தில் ரஷ்ய மார்க்சியர்களிடையே ஒரு கணக்கு இருந்தது. ரஷ்யா பின்தங்கிய விவசாய நாடு. அங்கே முதலில் முதலாளிகள் தலைமையில் மன்னராட்சி ஒழிய வேண்டும். காணிச் சீர்திருத்தம், தேர்தல், பேச்சுரிமை எல்லாம் அந்தக் கட்டத்தில் வரும். பல வருடங்களுக்குப் பிறகு, தொழிலாளர் எண்ணிக்கை பெருகியபின் சோசலிசம் வரும். முதல் கட்டம், அப்புறம் இரண்டாம் கட்டம். அதுவரை தொழிலாளர்கள் முதலாளிகளுக்குத் துணையாக நிற்க வேண்டும்.

1905 புரட்சியில் பீட்டர்ஸ்பர்க் தொழிலாளர் சோவியத்தின் (தொழிலாளர் மன்றத்தின்) தலைவராக இருந்த ட்ரொட்ஸ்கி இந்தக் கணக்கை மறுத்தார். அவருடைய வாதம் இதுதான். பின்தங்கிய நாட்டின் முதலாளி வர்க்கம் தாமதமாகப் பிறந்தது. வெளிநாட்டு மூலதனத்தை நம்பியிருக்கிறது. நிலப்பிரபுக்களோடு உறவு வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் விட, தன் சொந்தத் தொழிலாளர்களுக்குப் பயப்படுகிறது. அப்படிப்பட்ட வர்க்கம் காணியைப் பகிர்ந்து கொடுக்காது, உண்மையான ஜனநாயகத்தைக் கொண்டுவராது, சிறுபான்மை இனங்களுக்குச் சம உரிமை தராது. 1789 புரட்சியில் பிரான்சில் முதலாளி வர்க்கம் செய்த வேலைகளை இங்கே தொழிலாளர்களே செய்ய வேண்டியிருக்கும். ஆட்சிக்கு வந்த தொழிலாளர்கள் "எங்கள் வேலை ஜனநாயகம் மட்டும்தான்" என்று பாதியில் நிற்கவும் முடியாது. காணியைத் தொட்டால் வங்கியைத் தொட வேண்டிவரும், வங்கியைத் தொட்டால் தொழிற்சாலையைத் தொட வேண்டிவரும். கடைசியாக, ஒரு நாட்டுக்குள் மட்டும் இதை முடித்துவிட முடியாது. மற்ற நாடுகளுக்கும் பரவினால்தான் தாக்குப்பிடிக்கும்.

இதற்கு அவர் வைத்த பெயர் நிரந்தரப் புரட்சி. பெயரைக் கேட்டுவிட்டு, நாள் முழுக்கத் தெருவில் கலவரம் செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு இடையில் நின்றுவிடாமல் தொடர வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

1924 இல் லெனின் இறந்த பிறகு ஸ்டாலின் "ஒரே நாட்டில் சோசலிசம்" சாத்தியம் என்றார். கேட்பதற்கு ஏதோ தத்துவச் சண்டை போலத் தெரியும். விளைவு உலகமெங்கும் உயிர்களைக் குடித்தது. சோவியத் ஒன்றியத்தைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்றானபோது, மற்ற நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகள் மாஸ்கோவின் வெளியுறவுக் கொள்கைக்கு ஏற்றபடி திரும்ப வேண்டியதாயிற்று. சீனாவில் தேசிய முதலாளிகளின் கோமிந்தாங் கட்சிக்குள் இருக்கும்படி கம்யூனிஸ்டுகளுக்குச் சொல்லப்பட்டது. 1927 ஏப்ரலில் சியாங் கை ஷேக் ஷாங்காயில் அவர்களைக் கொன்று குவித்தார். ட்ரொட்ஸ்கி இதை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். 1929 இல் அவர் நாடு கடத்தப்பட்டார். 1938 இல் பாரிஸ் அருகே அவருடைய ஆதரவாளர்கள் நான்காம் அகிலம் என்ற உலக அமைப்பைத் தொடங்கினார்கள். 1940 ஆகஸ்டில் மெக்சிகோவில் ஸ்டாலினின் ஆள் ஒருவன் அவரைப் பனிக்கோடரியால் தாக்கிக் கொன்றான்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட்டால் கொள்கைப் பகுதி போதும். ஒன்று, கூட்டணி பற்றியது. தொழிலாளர் கட்சிகள் ஒன்றோடொன்று சேர்ந்து போராடலாம். ஆனால் முதலாளித்துவக் கட்சியின் அரசாங்கத்துக்குள் போய் மந்திரிப் பதவி எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த அரசாங்கம் செய்யும் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்பார்கள் ட்ரொட்ஸ்கியர்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதுதான் எல்லாம். மற்றது, கோரிக்கை பற்றியது. சம்பளம், அரிசி விலை, வீடு போன்ற அன்றாடத் தேவைகளிலிருந்தே போராட்டம் தொடங்க வேண்டும். அந்தக் கோரிக்கை, இந்த அமைப்புக்குள் அதை நிறைவேற்ற முடியாது என்பதை மக்கள் தங்கள் அனுபவத்திலேயே காணும்படி அமைய வேண்டும்.

கொழும்பில் எப்படி வேர் விட்டது?

1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் வசதியான சிங்களக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போனார்கள். பிலிப் குணவர்தன அமெரிக்காவுக்கும் பிறகு லண்டனுக்கும் போனார். என்.எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன ஆகியோர் லண்டனில் படித்தார்கள். உலகப் பொருளாதார நெருக்கடியின் காலம் அது. மார்க்சியர்களாகத் திரும்பி வந்தார்கள். அப்போது இலங்கையில் மாஸ்கோவோடு கட்டுண்ட ஒரு கம்யூனிஸ்ட் கட்சி இல்லை. இந்தியாவிலும் மற்ற பல நாடுகளிலும் ட்ரொட்ஸ்கியர்கள் முதலில் கம்யூனிஸ்ட் கட்சியோடு மோதித்தான் இடம் பிடிக்க வேண்டியிருந்தது. இங்கே களம் காலியாக இருந்தது. இந்தக் கட்சி இவ்வளவு வளர்ந்ததற்கு இதை முக்கியக் காரணமாக நான் பார்க்கிறேன்.

ஆனால் படிப்பால் மட்டும் மக்கள் நம்பவில்லை. 1933 இல் வெள்ளவத்தை நெசவாலையில் நடந்த வேலைநிறுத்தத்தில், அங்கே வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களோடு கொல்வின் நின்றார். அன்றைய பெரிய தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்க இந்தியத் தொழிலாளர்களுக்கு எதிரான பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. 1934–35 இல் மலேரியா பரவி ஒரு லட்சத்துக்கு நெருக்கமானோர் இறந்தார்கள். இந்த இளைஞர்கள் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் தூக்கிக்கொண்டு போனார்கள். நவம்பர் 11 இல் பிரித்தானியப் போர்வீரர்களுக்காக விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்கு மாற்றாகப் பூவரசம் பூ விற்ற சூரியமல் இயக்கம்தான் இந்த வேலையின் பின்னணியில் இருந்தது. கட்சி தொடங்கி சில மாதங்களில், 1936 அரசாங்க சபைத் தேர்தலில் பிலிப் அவிசாவளையிலும் என்.எம். ருவன்வெல்லையிலும் வென்றார்கள்.

அடுத்த வருடம் பிரேஸ்கேர்டில் விவகாரம் வந்தது. மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் அவுஸ்திரேலியாவிலிருந்து மலைநாட்டுத் தோட்டத்துக்குச் சின்னத்துரையாக (உதவித் தோட்ட மேலாளராக) வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞர். தொழிலாளர்கள் நடத்தப்படும் விதத்தைப் பார்த்து அவர்கள் பக்கம் சாய்ந்தார், வேலை போனது, சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். தோட்டத்துரை ஒருவர் தொழிலாளர் மேடையில் ஏறித் துரைமாருக்கு எதிராகப் பேசுவதை அரசாங்கத்தால் தாங்க முடியவில்லை. ஆளுநர் ஸ்டப்ஸ் நாடுகடத்தும் கட்டளை பிறப்பித்தார். கட்சி அவரை ஒளித்துவைத்தது. 1937 மே மாதம் காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்துக்கு நடுவே அவர் திடீரென்று மேடையில் தோன்றினார். பிறகு உயர் நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடியேற்ற ஆட்சியை ஒரு சின்னக் கட்சி சட்டத்தாலும் தெருவாலும் சேர்த்து வென்ற சம்பவம் இது.

மலையகத்தில் கட்சி கால் ஊன்றியது 1939–40 இல். மூலோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது 1940 ஜனவரியில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் கொல்லப்பட்டார். ஊவா வரைக்கும் தோட்டங்களில் போராட்டம் பரவியது. லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியும் கொழும்புத் துறைமுகத்துச் சிங்களத் தொழிலாளியும் ஒரே சங்கக் கொடியின் கீழ் வரக்கூடும் என்று அந்தக் காலத்தில் நினைத்தது வெறும் கனவு இல்லை.

கட்சிக்குள் உடைப்பு வந்ததும் இதே நேரம்தான். 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் செய்தார். டிசம்பரில் கட்சியின் பெரும்பான்மை, மாஸ்கோ தலைமையில் இருந்த மூன்றாம் அகிலத்தில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று தீர்மானம் போட்டது. மாஸ்கோ சார்பானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க, பீட்டர் கெனமன், அ. வைத்தியலிங்கம் ஆகியோர் அப்படிப் பிரிந்து, 1943 இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார்கள். சமசமாஜக் கட்சி அன்றிலிருந்து வெளிப்படையான ட்ரொட்ஸ்கியக் கட்சி. உலகப் போரை ஏகாதிபத்தியங்களின் போர் என்று எதிர்த்ததால் 1940 ஜூனில் பிலிப், என்.எம்., கொல்வின், எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் சிறைப்பட்டார்கள். லெஸ்லி தலைமறைவானார். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்ட பரபரப்பு நாட்களில், காவலர் ஒருவரின் துணையோடு நால்வரும் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். பிறகு கட்சித் தலைவர்கள் பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள்.

அங்கே இந்திய போல்ஷெவிக்-லெனினியக் கட்சி உருவாகி, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் பங்குகொண்டது. தமிழ்நாட்டில் அது பெரிய கட்சி ஆகவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ்.சி.சி. அந்தோணிப்பிள்ளையை சென்னைத் தொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். 1947 இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்திய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அவருடைய மனைவி கரோலின், பிலிப் குணவர்தனவின் தங்கை. அந்தோணிப்பிள்ளை பின்னால் 1957 இல் வடசென்னையிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார்.

ஏன் இப்படி உடைந்துகொண்டே இருக்கிறார்கள் என்று எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தீவிர இடதுசாரிக் கட்சி தன்னை ஒரு வேலைத்திட்டத்தால் வரையறுக்கிறது. சாதியோ ஊரோ குடும்பமோ அதைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பதில்லை. வேலைத்திட்டத்தில் கருத்து மாறினால் சேர்ந்திருக்கக் காரணம் போய்விடுகிறது. பெரிய கட்சிகளில் பதவி இருப்பதால் கருத்து வேறுபாட்டை விழுங்கிக்கொள்வார்கள். இங்கே விழுங்குவதற்கு ஈடாகக் கொடுக்க எதுவும் இல்லை. சமசமாஜக் கட்சியும் 1940களில் இரண்டாகவே இருந்தது. பரந்த மக்கள் கட்சி வேண்டும் என்ற என்.எம்., பிலிப் ஒரு பக்கம். கட்டுப்பாடான சிறிய புரட்சிக் கட்சி வேண்டும் என்ற கொல்வின், லெஸ்லி மறுபக்கம். 1950 இல்தான் ஒன்று சேர்ந்தார்கள். அப்போதும் பிலிப் வெளியே போய்ப் புரட்சிகர சமசமாஜக் கட்சி தொடங்கினார்.

கொள்கை சரியாக நின்ற வருடங்கள்

1947 பொதுத்தேர்தலில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆசனங்கள் 95. சமசமாஜக் கட்சிக்கு 10, கொல்வின் பக்கத்து போல்ஷெவிக்குகளுக்கு 5, கம்யூனிஸ்டுகளுக்கு 3 கிடைத்தன. மலையகத்தில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் வென்றது. மலையகத் தமிழர் சிறு தொகையாக வாழ்ந்த வேறு பல தொகுதிகளிலும் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 இடங்கள்தான். தனிப் பெரும்பான்மை இல்லை. சிங்களத் தொழிலாளியும் தோட்டத் தமிழனும் ஒரே பக்கம் வாக்களித்தால் என்ன ஆகும் என்று தேயிலை, இறப்பர், காரீயத்தில் செல்வம் சேர்த்த அந்த வர்க்கத்துக்குத் தெளிவாகப் புரிந்தது.

அடுத்த வருடமே 1948 பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1949 இல் வாக்குரிமையும் போனது. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். சமசமாஜிகளின் இரண்டு பிரிவுகளும் பாராளுமன்றத்தில் இதை எதிர்த்தன. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் 1948 சட்டத்தை எதிர்த்துவிட்டுப் பிறகு அரசாங்கத்தில் சேர்ந்தார். அவருடைய கட்சியில் இருந்த செல்வநாயகம் பிரிந்து தமிழரசுக் கட்சி தொடங்கியது அதன் விளைவுதான். யாழ்ப்பாணத்து வக்கீல் மந்திரியாக, மலையகத் தமிழருக்காகச் சிங்களத் தொகுதி உறுப்பினர்கள் பேசினார்கள்.

நிரந்தரப் புரட்சி என்ற கோட்பாடு சொன்னது இங்கே கண்முன் நடந்தது. பின்தங்கிய நாட்டு முதலாளி வர்க்கம் ஜனநாயகக் கடமைகளைக்கூட நிறைவேற்றாது என்றார் ட்ரொட்ஸ்கி. இலங்கையின் முதலாளி வர்க்கம் சுதந்திரம் கிடைத்த வருடமே தன் தொழிலாளர்களில் பெரும்பகுதியின் குடியுரிமையைப் பிடுங்கியது. திருகோணமலைத் துறைமுகத்திலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் 1957 வரை இருந்தன. இது போலிச் சுதந்திரம் என்று சொல்லிக் கட்சி 1948 பெப்ரவரிக் கொண்டாட்டங்களைப் புறக்கணித்தது.

1953 ஹர்த்தால் (பொது வேலைநிறுத்தமும் கடையடைப்பும்), கோரிக்கை பற்றிய கோட்பாட்டுக்கு நல்ல உதாரணம். கூப்பனுக்குக் கொடுக்கப்பட்ட அரிசியின் விலை கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியது. கட்சி ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது. மற்ற இடதுசாரிகளும் தமிழரசுக் கட்சியும் ஆதரித்தார்கள். தென்மேற்குக் கரையோரத்தில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன, தொலைபேசிக் கம்பிகள் அறுந்தன. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஆனால் கட்சி ஒரு நாள் எதிர்ப்புக்குத்தான் திட்டம் போட்டிருந்தது. மக்கள் அதற்கு மேலே போனபோது அடுத்த நாள் என்ன செய்வது என்று தலைமையிடம் பதில் இல்லை. அரசாங்கத்தை ஆட்டிவைக்க முடிந்த கட்சி, அதிகாரத்தைப் பற்றி யோசித்திருக்கவில்லை. பின்னால் வந்த சறுக்கலின் ஆரம்பத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

மொழிப் பிரச்சினையில் கட்சி நடந்துகொண்ட விதம் அதன் வரலாற்றிலேயே உயரமான இடம். 1955 இல் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சிங்களம் மட்டும் என்ற பக்கம் சாய்ந்தபோது, சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து என்றார்கள் சமசமாஜிகள். கொழும்பு நகர மண்டபத்தில் அவர்கள் நடத்திய கூட்டத்தைக் கும்பல் தாக்கியது. சிங்கள வாக்காளர்களை மட்டுமே நம்பியிருந்த உறுப்பினர்கள் அவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1956 ஜூனில் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது கொல்வின் சொன்னது இன்றுவரை மறக்கப்படவில்லை: ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு. கட்சியின் பழைய தூண் பிலிப் அந்த நேரம் பிரதமர் பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் மந்திரியாக உட்கார்ந்திருந்தார்.

1964: கோட்டைத் தாண்டியது

பிரசாவுரிமைச் சட்டம் இடதுசாரிகளின் வாக்கு வங்கியில் மலையகத்தை வெட்டி எறிந்துவிட்டது. எஞ்சியது தென்மேற்குச் சிங்களத் தொகுதிகள். அங்கே பண்டாரநாயக்கவின் சிறிலங்கா சுதந்திரக் கட்சி சிங்கள பௌத்த உணர்வையும் ஏழைகளுக்கான சலுகைகளையும் சேர்த்துக் கொடுத்தது. 1960 மார்ச்சில் ஆட்சியைப் பிடிக்கலாம் என்று நம்பி நூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளில் சமசமாஜக் கட்சி நின்றது. கிடைத்தது 10 ஆசனம். அந்த அடி பலமானது. தனியாக வர முடியாது என்றால் யாரோடாவது சேர்ந்து வரலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் தலைமையில் வலுத்தது.

1963 இல் சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, பிலிப்பின் கட்சி மூன்றும் சேர்ந்து ஐக்கிய இடது முன்னணி அமைத்தன. தொழிற்சங்கங்கள் 21 கோரிக்கைகளை வைத்து ஒன்றுபட்டன. தொழிலாளர் கட்சிகள் தங்களுக்குள் சேர்வது கொள்கைக்கு உட்பட்டதுதான். ஒரு வருடம்கூட முடியவில்லை. 1964 ஜூனில் கட்சி மாநாட்டின் பெரும்பான்மை, பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர என்.எம். பெரேராவுக்கு அனுமதி கொடுத்தது. அவர் நிதி அமைச்சரானார். நான்காம் அகிலம் அவர்களை வெளியேற்றியது. எட்மண்ட் சமரக்கொடி, தொழிற்சங்கத் தலைவர் பாலா தம்பு போன்றோர் மறுத்து, தனியாகப் புரட்சிப் பிரிவு அமைத்தார்கள்.

என்.எம். பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தூய்மையாக வெளியே நின்று 30 வருடம் எதுவும் வரவில்லை, உள்ளே போய்த் தொழிலாளர்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம், வலதுசாரிகள் வருவதைத் தடுக்கலாம் என்றார்கள். நேர்மையாக நம்பியவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1964 அக்டோபரில், அவர்கள் அமைச்சரவையில் இருந்தபோதே, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாகவும் மீதியைப் பிறகு பார்ப்பதாகவும் இரண்டு நாடுகள் கணக்குப் பிரித்தன. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1948 இல் அவர்களுக்காக எழுந்து நின்ற கட்சி, 16 வருடம் கழித்து அவர்களைப் பங்குபோட்ட அரசாங்கத்தின் பங்காளி. முதலாளித்துவ அரசாங்கத்துக்குள் போனால் அது செய்யும் எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டிவரும் என்ற எச்சரிக்கைக்கு இதைவிடக் கசப்பான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அரசாங்கம் டிசம்பரில் ஒரே ஒரு வாக்கில் விழுந்தது. கூட்டணி விழவில்லை. 1966 ஜனவரி 8 அன்று, தமிழை நிர்வாகத்தில் ஓரளவு பயன்படுத்த அனுமதிக்கும் ஒழுங்குவிதிகளை எதிர்த்துச் சுதந்திரக் கட்சி நடத்திய போராட்டத்தில் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் சேர்ந்து நின்றன. சம அந்தஸ்துக்காகக் கும்பலிடம் அடி வாங்கி 11 வருடம்தான் ஆகியிருந்தது. தமிழர் மத்தியில் இருந்த நம்பிக்கை அந்த நாளோடு போய்விட்டது.

1970 இல் இந்த மூன்று கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. சமசமாஜக் கட்சிக்கு 19 ஆசனம், அதன் வரலாற்றிலேயே அதிகம். என்.எம். மறுபடியும் நிதி அமைச்சர், லெஸ்லி போக்குவரத்து, கொல்வின் பெருந்தோட்டத்துறையோடு அரசியலமைப்பு விவகாரம். காணி உச்சவரம்பு 50 ஏக்கர் என்று 1972 இல் சட்டம் வந்தது. 1975 இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. பழைய வேலைத்திட்டத்தின் சில வரிகள் உண்மையில் நிறைவேறின. அதே வருடங்களில் உணவுத் தட்டுப்பாட்டில் மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1971 இல் ஜே.வி.பி. கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் அந்த அரசாங்கத்தின் படைகளால் கொல்லப்பட்டார்கள்.

1972 மே 22 அன்று நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பை வடித்தவர் கொல்வின். அதில் சிங்களம் மட்டும் அரச மொழி. பௌத்தத்துக்கு முதன்மை இடம். சிறுபான்மையினருக்கு எதிராகப் பாகுபாடான சட்டம் இயற்றுவதைத் தடுத்த, அதற்கு முன்பிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி முன்வைத்த திருத்தங்கள் ஏற்கப்படாததால் அது அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியது. நான்கு வருடத்தில் வட்டுக்கோட்டையில் தமிழ்த் தலைவர்களின் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்று சொன்னவரே ஒரு மொழியை அரசியலமைப்பில் எழுதினார்.

இதைக் கொல்வினின் தனிப்பட்ட துரோகம் என்று மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. கட்சி சேர்ந்திருந்த கூட்டாளியின் அடித்தளம் சிங்கள பௌத்த வாக்கு. அந்தக் கூட்டணியில் இருந்துகொண்டு வேறு அரசியலமைப்பை எழுத முடியாது. வாசல் திறந்தது 1964 இல். தேசிய முதலாளிகளில் ஒரு நல்ல பகுதி இருக்கிறது, அதோடு சேர்ந்து முதல் கட்டத்தைக் கடக்கலாம் என்ற பழைய கணக்கை, அதை மறுப்பதற்காகவே பிறந்த கட்சி ஏற்றுக்கொண்ட நாள் அது. கோட்பாடு தவறியதால் கட்சி விழுந்தது என்று சொல்பவர்கள் உண்டு. கோட்பாட்டைக் கைவிட்டதால் விழுந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த விழுகைக்குக் கட்சியை விட அதிக விலை கொடுத்தவர்கள் தமிழர்கள்.

பிறகு என்ன ஆனது?

1975 செப்டம்பரில் சிறிமாவோ அவர்களை அரசாங்கத்திலிருந்து வெளியேற்றினார். 1977 தேர்தலில் என்.எம்., கொல்வின் உட்பட எல்லோரும் தோற்றார்கள். ஓர் ஆசனம்கூட இல்லை. 1979 இல் என்.எம். இறந்தார். அதற்குப் பிறகு கட்சி பெரும்பாலும் சுதந்திரக் கட்சி தலைமையிலான கூட்டணிகளில் ஒரு சிறிய பங்காளியாகவே இருந்து வந்தது. மகிந்த ராஜபக்சவின் அரசாங்கத்திலும் அதன் தலைவர் திஸ்ஸ விதாரண மந்திரியாக இருந்தார்.

கொள்கையைத் தூக்கிப் பிடித்தவர்கள் சிறிய குழுக்களாகத் தொடர்ந்தார்கள். 1968 இல் கீர்த்தி பாலசூரிய என்ற இளைஞரின் தலைமையில் தொடங்கிய புரட்சிகரக் கம்யூனிஸ்ட் கழகம் பின்னால் சோசலிச சமத்துவக் கட்சியானது. 1964 ஐ உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பெரிய காட்டிக்கொடுப்பு என்றே அவர்கள் இன்றும் எழுதுகிறார்கள், தமிழிலும் எழுதுகிறார்கள். 1977 இல் விக்கிரமபாகு கருணாரத்ன, வாசுதேவ நாணயக்கார போன்றோர் நவ சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். வாசுதேவ பின்னால் ராஜபக்ச பக்கம் போய்விட்டார். விக்கிரமபாகு போகவில்லை. யுத்த காலம் முழுவதும் தமிழரின் சுயநிர்ணய உரிமையைச் சிங்கள மேடைகளில் பகிரங்கமாகப் பேசிய மிகச் சிலரில் அவரும் ஒருவர். அவருடைய கட்சிக்கு வாக்கு விழுந்தது குறைவு. 2024 இல் அவர் இறந்தார். பாலா தம்பு 2014 இல் இறக்கும்வரை இலங்கை வர்த்தகத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளராகவே இருந்தார். 1948 இலிருந்து அந்தப் பொறுப்பு அவருடையது.